மூக்கை ஏமாற்றும் படிகம்: மென்தோல் செய்வதும் செய்யாததும்

2021இல், கொரோனாவின் இரண்டாவது அலை இந்தியாவை உலுக்கிய நாட்களில், வட்ஸ்அப்பில் ஒரு கைவைத்தியம் எல்லை தாண்டிச் சுற்றியது. கற்பூரம், கிராம்பு, ஓமம், சில சொட்டு யூக்கலிப்டஸ் எண்ணெய். இவற்றைத் துணியில் முடிந்து மோந்துகொண்டேயிருந்தால் இரத்தத்தில் ஒட்சிசன் மட்டம் ஏறிவிடும் என்றது அந்தச் செய்தி. மோந்து பார்த்தவருக்கு மூச்சு லேசானது உண்மை. ஒட்சிசன் ஏறும் என்பது உண்மையில்லை. இரண்டும் ஒன்றோடொன்று முட்டுவதுபோலத் தெரியும். அந்தப் பொட்டலத்தின் மிக நெருங்கிய உறவான மென்தோலைப் பற்றி அறிந்தால் முட்டாது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கங்களில் மென்தோல் நுழையாத வீடு குறைவு. செங்கலடியிலிருந்து பதுளைக்கு மலையேறும் பஸ்ஸில் தலைசுற்றுக்கு நெற்றியில் பூசும் எண்ணெய், தடிமனுக்கு நெஞ்சில் தேய்க்கும் பாம், கரைவலை இழுத்த தோளுக்குத் தடவும் களிம்பு, பற்பசை, தொண்டை இனிப்பு, வேர்க்குருப் பவுடர், கலியாண வீட்டுப் பீடா என்று எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அதே பாம் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பாவிக்க வேண்டாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி நிற்கும். வீட்டிலோ நாற்பது நாள் பிள்ளைக்கும் அம்மம்மா ஒரு தொட்டு மூக்கடியில் வைப்பார். பாமசியில் கேட்டால் ஒரு பதில், பக்கத்து வீட்டில் கேட்டால் இன்னொரு பதில்.

பெயர்க் குழப்பம்

நமது பேச்சில் "தைலம்" என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு வேறு பொருட்கள் ஒளிந்திருக்கின்றன. போத்தலில் அவை கலந்தே வருவதால் மணத்தை வைத்துப் பிரித்தறிவது கடினம்.

1. மென்தோல். புதினா வகைச் செடிகளின் எண்ணெயிலிருந்து வருவது. நாட்டு மருந்துக் கடையில் "புதினா உப்பு" என்பார்கள். பெயரில்தான் உப்பு, இரசாயனப்படி அது ஓர் அற்ககோல்.
2. கற்பூரம். கோயிலில் எரிப்பதும் பாமில் கலப்பதும் அடிப்படையில் ஒரே பொருள்தான். இன்று சந்தையில் உள்ளதில் பெரும்பகுதி பைன் மரத்து டர்ப்பன்டைனிலிருந்து ஆலையில் செய்யப்படுவது.
3. யூக்கலிப்டஸ் எண்ணெய். இதன் முக்கிய கூறு யூக்கலிப்டோல்.
4. மெதைல் சலிசிலேற்று. வின்டர்கிறீன் எண்ணெய் என்று சில லேபல்களில் இருக்கும். நோவுக் களிம்புகளின் அந்தக் "கிளினிக் மணம்" இதனுடையது. அஸ்பிரினின் நெருங்கிய உறவு.

இந்த நான்கையும் பிரித்துப் பார்க்காமல் "தைலம் நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. நான்கில் மென்தோல்தான் ஒப்பீட்டளவில் சாது. வீட்டு விபத்துகளில் பிள்ளையின் உயிருக்கு உலை வைப்பது பெரும்பாலும் அதன் கூட்டாளிகள். பழி மட்டும் மணத்தால் முந்திக்கொண்டு வரும் மென்தோலின் தலையில் விழுகிறது.

படிகத்தின் குணம்

புதினா என்றாலே மென்தோல் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்பியர்மின்ட் வகைப் புதினாவின் மணம் காவோன் என்ற வேறொரு பொருளுடையது. அதில் மென்தோல் மிகக் குறைவு. பெப்பர்மின்ட் எண்ணெயில் ஏறத்தாழ 30 முதல் 50 வீதம் வரை மென்தோல் இருக்கும். உலகச் சந்தைக்கு மென்தோல் தருவது இன்னொரு செடி: மெந்தா ஆர்வென்சிஸ் எனப்படும் ஜப்பானியப் புதினா. அதன் எண்ணெயில் 70 வீதத்துக்கு மேலும் மென்தோல் உண்டு. இயற்கை மென்தோலை அதிகம் தரும் நாடு இந்தியா. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி மாவட்டம் இந்தப் பயிருக்குப் பேர் போனது.

செடியை ஆவியில் வடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த எண்ணெயைக் குளிரூட்டினால் மென்தோல் தானாகவே உறைந்து பிரியும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோன தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாகக் கட்டிபடுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். ஐரோப்பாவில் இதை முதலில் படிகமாகப் பிரித்தெடுத்துப் பதிந்தவர் நெதர்லாந்தில் பணியாற்றிய கௌபியுஸ், ஆண்டு 1771.

அதன் மூலக்கூற்றில் 10 காபன், 20 ஐதரசன், ஒரு ஒட்சிசன் அணுக்கள். தண்ணீரில் மிகச் சொற்பமாகவே கரையும். எண்ணெயிலும் மதுசாரத்திலும் நன்றாகக் கரையும். தோல் வழியே உள்ளே இறங்குவது அந்தக் கொழுப்புச் சிநேகிதத்தால்தான். உருகுநிலை 42 பாகை செல்சியஸ் அளவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில், பூட்டிய கடையின் தகரக் கூரைக்கடியில் இருக்கும் படிகப் போத்தல் மாலையில் எண்ணெய்போல் இளகியிருந்தால், அது பழுதாகிவிட்டது என்று எறிய வேண்டியதில்லை. உருகியிருக்கிறது, ஆறினால் உறையும்.

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. புதினா உப்பில் ஒரு சிட்டிகையையும் கற்பூரத்தில் ஒரு சிட்டிகையையும் கண்ணாடிக் குவளையில் போட்டுக் கரண்டிக் காம்பால் தேயுங்கள். தண்ணீர் ஒரு சொட்டும் விடாமல், சூடு காட்டாமல், இரண்டு கட்டிப் பொருட்களும் கண்முன்னே ஈரமாகி, வழுவழுத்து, தெளிந்த திரவமாகிவிடும். இரண்டு பொருட்கள் கலந்தால் உருகுநிலை தனித்தனியே இருந்ததைவிடக் கீழே இறங்கும் என்பதே காரணம். இவற்றோடு ஓம உப்பையும், அதாவது தைமோலையும், சேர்த்துச் செய்வதுதான் வட இந்தியாவில் அமிர்ததாரா என்று விற்கும் மருந்து. மந்திரமில்லாத மந்திரம், பாடசாலை விஞ்ஞான ஆய்வுகூடத்தில் காட்டலாம். வீட்டில் செய்தால் அந்தக் குவளையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஏனென்று பின்னால் வரும்.

மென்தோலின் அணுக்களை முப்பரிமாண வெளியில் எட்டு விதமாக அடுக்கலாம். எட்டில் ஒன்றுதான் நாம் அறிந்த தீவிரக் குளிரைத் தரும், மற்றவை மங்கல். இடது கால் செருப்பு இடது காலுக்கே பொருந்துவதுபோல. அந்த ஒரு வடிவத்தை மட்டும் ஆலையில் செய்வது நெடுங்காலம் பெருந்தலைவலியாக இருந்தது. ஜப்பானிய இரசாயனவியலாளர் றியோஜி நொயோரியின் முறையால் 1980களில் அது தொழிற்சாலை அளவில் கைகூடியது. அவருக்கு 2001இல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. ஆலையில் செய்த அந்த வடிவத்துக்கும் செடியிலிருந்து வந்ததற்கும் மூலக்கூற்றில் வேறுபாடில்லை. "இயற்கை மென்தோல்" என்ற பெருமை பெட்டிக்குத்தான்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

இதைப் புரிய கொச்சிக்காயிலிருந்து தொடங்கலாம். கொச்சிக்காய் கடித்தால் வாய் "எரிகிறது". வெப்பமானியை நாக்கில் வைத்தால் சூடு ஏறியிருக்காது. சூட்டை உணரும் நரம்பு முனையில் உள்ள ஒரு வாயிலை, வழக்கமாக 43 பாகையளவில் திறக்கும் ஒன்றை, கொச்சிக்காயிலுள்ள கப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. மூளைக்குத் தெரிந்ததெல்லாம் "வாயில் திறந்தது, ஆகவே சூடு".

மென்தோல் செய்வது இதன் மறுபக்கம். படிப்படியாக:

1. நம் தோலின் வெப்பம் வழக்கமாக 32, 33 பாகையை ஒட்டி இருக்கும்.
2. குளிரை உணரும் நரம்பு முனைகளில் ரி.ஆர்.பி.எம். 8 என்ற புரத வாயில் உள்ளது. தோல் ஏறத்தாழ 26 பாகைக்குக் கீழே போனால்தான் அது நன்றாகத் திறக்கத் தொடங்கும்.
3. மென்தோல் அந்தப் புரதத்தில் போய் ஒட்டிக்கொண்டு, திறக்கும் எல்லையை மேலே தூக்கிவிடுகிறது. இப்போது சாதாரணத் தோல் வெப்பமே அதற்குக் "குளிர்" ஆகிவிடும்.
4. வாயில் திறக்கிறது, நரம்பு தந்தியடிக்கிறது, மூளை குளிர்கிறது என்கிறது. வெப்பமானியோ இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இந்த வாயிலை 2002இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஒன்றின் தலைவர் டேவிட் ஜூலியஸ், மற்றதன் தலைவர் லெபனானில் பிறந்த ஆர்டெம் படபூட்டியன். மென்தோலைத் துப்பாகப் பாவித்தே அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்தார்கள். வெப்பத்தையும் தொடுகையையும் உடல் எப்படி உணர்கிறது என்ற ஆய்வுகளுக்காக இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல்.

சோதித்துப் பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு மென்தோல் இனிப்பைச் சூப்பி முடித்துவிட்டு, மண்பானைத் தண்ணீரை ஒரு வாய் குடியுங்கள். ஐஸ் போட்டதுபோல் பல் கூசும். அதே தண்ணீரைப் பக்கத்திலிருப்பவர் குடித்தால் அவருக்கு அது வெறும் பானைத் தண்ணீர்.

அடைத்த மூக்கு திறக்கிறதா?

இல்லை. திறந்ததாகத் தோன்றுகிறது.

மூக்கின் உட்சுவரில் குளிரை உணரும் நரம்புகள் நிறைய உண்டு. மூச்சை உள்ளே இழுக்கும்போது காற்று அந்தச் சுவரைக் குளிரவைக்கும். "நன்றாகக் காற்று போகிறது" என்று மூளை முடிவு கட்டுவதே அந்தக் குளிரை வைத்துத்தான். மென்தோல் குளிர் வாயிலை நேரடியாகத் தட்டிவிடுவதால், காற்று கூடாமலே கூடியதாக உணர்கிறோம். பிரித்தானியாவின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் றொனால்ட் எக்கிள்ஸ் என்பவரின் குழு 1990இல் வெளியிட்ட ஆய்வில், தடிமன் பிடித்தவர்களுக்கு 11 மில்லிகிராம் மென்தோல் உள்ள இனிப்பைக் கொடுத்து மூக்கின் காற்றுத்தடையைக் கருவியால் அளந்தார்கள். மூக்கு திறந்ததாக ஆட்கள் சொன்னார்கள். கருவி எந்த மாற்றத்தையும் காட்டவில்லை.

அப்படியானால் பாம் தேய்ப்பது வீணா? வீணென்று சொல்ல மாட்டேன். இரவில் மூக்கடைத்துப் புரளும் ஒருவருக்கு "மூச்சு வருகிறது" என்ற உணர்வே நித்திரையைத் தரும். 2010இல் அமெரிக்காவில் தடிமன் பிடித்த 138 பிள்ளைகளிடம், 2 முதல் 11 வயது வரையானவர்களிடம், ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குக் கற்பூரம், மென்தோல், யூக்கலிப்டஸ் சேர்ந்த ஆவிக்களிம்பு, சிலருக்கு வெறும் பெற்றோலியம் ஜெலி, சிலருக்கு ஒன்றுமில்லை. எந்தப் பிள்ளைக்கு எது என்று மணத்தால் தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக, பெற்றோரின் மேலுதட்டிலேயே ஆவிக்களிம்பைப் பூசச் சொல்லியிருந்தார்கள். ஆவிக்களிம்பு பூசிய பிள்ளைகள் இருமல் குறைந்து நன்றாகத் தூங்கியதாகப் பெற்றோர் சொன்னார்கள். தோலிலும் கண்ணிலும் எரிவு போன்ற சிறு உபாதைகளும் அந்தக் குழுவில்தான் கூடுதல்.

வாதை குறைகிறது, நோய் குறையவில்லை. தடிமனில் இதனால் நட்டமில்லை, அது ஒரு கிழமையில் தானாகப் போகும். ஆஸ்துமாவிலும் நிமோனியாவிலும் கதை வேறு. அங்கே உண்மையாகவே காற்றுப் போதாது. மூச்சுத் திணறல் என்பது உடல் அடிக்கும் மணி. மென்தோல் அந்த மணியின் சத்தத்தை மட்டும் குறைக்கிறது. கொரோனாவில் சிலருக்கு ஒட்சிசன் மட்டம் இறங்கியும் திணறல் பெரிதாகத் தெரியவில்லை. அந்த நிலையில் மூச்சு லேசானதாகக் காட்டும் ஒன்றை மோந்துகொண்டு வீட்டிலிருப்பது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய மணித்தியாலங்களைத் தின்றுவிடும். 2021இன் பொட்டலத்தில் இருந்த ஆபத்து அதன் நஞ்சிலல்ல, அது தந்த நிம்மதியில். விரலில் மாட்டி ஒட்சிசன் அளக்கும் கருவி 94 வீதத்துக்குக் கீழே காட்டினால் எந்தத் தைலத்துக்கும் அங்கே வேலையில்லை.

நோவு, வெயில், வயிறு

கரைவலையைக் காலையில் இழுத்தவரின் தோளுக்கும், வெள்ளாமை வெட்டில் குனிந்தவரின் இடுப்புக்கும் மென்தோல் உதவுவது இரண்டு வழியில். முதலாவது, குளிர் என்ற புதுச் செய்தி நரம்பில் நிறைந்து நோவுச் செய்தியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அடிபட்ட இடத்தைக் கையால் தேய்த்தால் நோவு மட்டுப்படுவதைப் போல. இரண்டாவது, தோலிலுள்ள நரம்பு முனைகளை அது ஓரளவு மரக்கவும் வைக்கிறது. கிழிந்த தசையை அது தைக்காது, வீக்கத்துக்கான காரணத்தையும் தொடாது. அமெரிக்க விதிகளில் மருந்துச் சிட்டையில்லாமல் விற்கும் நோவுக் களிம்பில் மென்தோல் 16 வீதம் வரை இருக்கலாம். தடிமன் பாமில் வழக்கமாக 3 வீதத்துக்கும் குறைவு. இரண்டும் ஒரே மாதிரி டப்பாவில் வருவதால், நோவுக்கு வாங்கியதைத் தடிமனுக்குத் தேய்க்கும் பழக்கம் வீடுகளில் சாதாரணம். ஐந்து மடங்கு செறிவை நெஞ்சில் தேய்க்கிறோம் என்று யாரும் யோசிப்பதில்லை.

வெயில் விஷயத்தில் நமது ஊர்களுக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். கச்சான் வீசும் காலத்தில் மென்தோல் பவுடர், மென்தோல் சவர்க்காரம், குளிர்த்தி ஷாம்பு எல்லாம் நன்றாக ஓடும். வேர்க்குரு அரிப்புக்கு அது இதம். உடலின் உள்வெப்பத்தை அது ஒரு பாகைகூட இறக்காது. மாறாக, தோலில் குளிர் என்று நம்பிய உடல் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, வியர்வையைத் தாமதப்படுத்தி, வெப்பத்தைச் சேமிக்கும் பக்கம் சாயலாம் என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வயலில் நடுப்பகலில் நிற்பவருக்கு நிழலும் தண்ணீரும் ஓய்வும்தான் குளிர்த்தி. தலை சுற்றி, வியர்வை நின்று, பேச்சுக் குழறும் ஒருவரின் நெற்றியில் தைலம் பூசிக்கொண்டு நிற்பது வெப்ப அதிர்ச்சியில் நேரத்தைத் தொலைப்பது.

வயிற்றில் மென்தோல் மென்தசையைத் தளர்த்தும். பெருங்குடல் பிடிப்புத் தொல்லை உள்ளவர்களுக்கு, குடலில் போய்க் கரையும் உறையிட்ட பெப்பர்மின்ட் எண்ணெய்க் குளிசை பயன் தருவதாக நல்ல சான்றுகள் உண்டு. அதே தளர்ச்சி உணவுக்குழாயின் கீழ்வாசலிலும் நடப்பதால் நெஞ்செரிவு உள்ளவருக்குச் சாப்பாட்டின் பின்னான மென்தோல் இனிப்பு எரிவைக் கூட்டலாம். பீடாவைப் பற்றிச் சொன்னால், மென்தோல் அங்கே சுண்ணாம்பின் காரத்தையும் வாயின் எரிவையும் மறைக்கும் வேலையைத்தான் பார்க்கிறது. பாக்கால் வரும் வாய்ப்புற்று அபாயம் அப்படியே இருக்கும்.

எவ்வளவு என்பதுதான் கேள்வி

உலக சுகாதார அமைப்பும் உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் உணவுச் சேர்க்கை நிபுணர் குழு, வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் பாதகமில்லை என்று ஏற்ற மென்தோல் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 மில்லிகிராம் வரை. 60 கிலோ ஆளுக்கு 240 மில்லிகிராம். ஓர் இனிப்பில் 5 முதல் 10 மில்லிகிராம் என்று வைத்தால் நாளுக்கு இருபதுக்கு மேல் சூப்ப வேண்டும். பற்பசையில் இருப்பது அதைவிடச் சொற்பம். உள்ளே போனதை ஈரல் மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஆகவே உணவு, பற்பசை, இனிப்பு அளவில் மென்தோலுக்கு அஞ்ச ஒன்றுமில்லை.

இப்போது கணக்கைப் போத்தலுக்கு மாற்றுவோம். மென்தோல் 20 வீதமும் மெதைல் சலிசிலேற்று 15 வீதமும் உள்ள ஒரு 10 மில்லிலீற்றர் எண்ணெய்ப் போத்தல் என்று உதாரணத்துக்கு எடுங்கள். அதற்குள் மென்தோல் 2 கிராம், மெதைல் சலிசிலேற்று 1.5 கிராம். 15 கிலோ பிள்ளைக்கு மேற்சொன்ன தினசரி எல்லை 60 மில்லிகிராம்; போத்தலில் வெறும் 0.3 மில்லிலீற்றரில் அது முடிந்துவிடும். அந்த எல்லையைத் தாண்டியவுடன் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, அது நிறையப் பாதுகாப்பு இடைவெளி வைத்துப் போட்ட கோடு. பயப்பட வேண்டியது மற்றக் கணக்குக்கு: அந்த 1.5 கிராம் மெதைல் சலிசிலேற்று 10 கிலோ பிள்ளையை நஞ்சுப் பாதிப்புக்குள் தள்ளப் போதும். கலப்பில்லாத வின்டர்கிறீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி என்றால், 300 மில்லிகிராம் அஸ்பிரின் குளிசை இருபதுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். கற்பூரமும் அப்படித்தான். சிறு பிள்ளை விழுங்கினால் சில நிமிடங்களிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே உயிரைப் பறித்த பதிவுகள் உண்டு. சாமித் தட்டுக் கற்பூரம் கற்கண்டுபோல் இருப்பது ஒரு துரதிர்ஷ்டம்.

யாருக்கு, எங்கே கூடாது

1. இரண்டு வயதுக்குட்பட்டோர். இங்கே குற்றவாளி மென்தோலேதான். கைக்குழந்தையின் மூக்கடியிலோ மூக்குக்குள்ளோ வைத்தால், அந்தக் கடும் குளிர்ச் செய்தி குரல்வளையை இறுக வைத்து, மூச்சைச் சில நொடிகள் நிறுத்திவிடக்கூடும். ஐரோப்பிய மருந்து முகமை இரண்டு வயதுக்குட்பட்டோருக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் கூடாது என்பது இதனால்தான். 2009இல் அமெரிக்க மருத்துவர்கள், மூக்கடியில் ஆவிக்களிம்பு பூசிய பின் மூச்சுத் திணறிய 18 மாதப் பிள்ளையைப் பற்றி எழுதினார்கள். அதே களிம்பு விலங்குகளின் சுவாசக் குழாயில் சளியைக் கூட்டியதையும் கண்டார்கள். அம்மம்மாவின் "ஒரு தொட்டு" நூறு தரம் ஒன்றும் செய்யாமல் போகலாம். எந்தத் தரம் குரல்வளை இறுகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கைக்குழந்தையின் மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

2. பெரிய பிள்ளைகளுக்கும் நெஞ்சிலும் முதுகிலும்தான். மூக்குக்குள், வாய்க்குள், கண்ணருகே, புண்ணில் கூடாது. பூசிய கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கினால் வெண்படலத்தில் கடும் எரிவு வரும். ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும்.

3. சூட்டோடு சேர்த்தல். களிம்பு பூசி, அதற்கு மேல் சுடுதண்ணீர்ப் போத்தல் வைத்து, துணியால் இறுக்கிக் கட்டுவது நம் வீடுகளின் வழக்கம். தோல் "குளிர்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெந்துபோகும். 2012இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், அரிதாக இரண்டாம், மூன்றாம் நிலைத் தீக்காயங்கள்கூட இந்தக் களிம்புகளால் ஏற்பட்டதாக எச்சரித்தது. பெரும்பாலானவை மென்தோல் 3 வீதத்துக்கும் மெதைல் சலிசிலேற்று 10 வீதத்துக்கும் மேல் சேர்ந்திருந்தவை. பூசிய இடத்தில் நோவோ கொப்புளமோ கண்டால் உடனே கழுவுங்கள்.

4. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்பரின் மருந்து எடுப்போர். இதய வால்வு மாற்றியவர்கள் இதை அறிய வேண்டும். மெதைல் சலிசிலேற்றுக் களிம்பைத் தாராளமாகத் தேய்த்தால் தோல் வழியே இரத்தத்தில் சேர்ந்து, வார்பரினின் வேலையைக் கூட்டி இரத்தக் கசிவை உண்டாக்கலாம். மென்தோலுக்கு வேறொரு குணமும் உண்டு: தோலைத் தளர்த்தி மற்ற மருந்துகளை வேகமாக உள்ளே விடும். இரண்டும் ஒரே டப்பாவில் இருப்பது இங்கே நல்லதல்ல.

5. ஆவி பிடித்தல். பாமைச் சட்டியில் போட்டு அடுப்பில் காய்ச்சவே கூடாது. அதன் ஆவி தீப்பற்றும். சுடுதண்ணீரில் கலக்கலாமா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும், லேபல் சொல்வதே முடிவு. பிள்ளைகளுக்குத் துவாயால் மூடி ஆவி பிடிக்க வைப்பதில் மென்தோலைவிடப் பெரிய ஆபத்து மடியில் கவிழும் கொதிநீர்.

சிகரெட்டில் ஏன் தடுக்கிறார்கள்?

மென்தோல் சிகரெட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2020 மே மாதம் முதல் தடைசெய்தது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் புகையிலை, மதுசார அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் 2016இல் வந்த ஒழுங்குவிதிகள் சுவை, நிறம், இனிப்பூட்டிய புகையிலைச் சிகரெட்டுகளைத் தடுத்தன. பற்பசையில் இருக்கும் பொருளை ஏன் சிகரெட்டில் மட்டும் தடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மூக்கடைப்பில் பார்த்த அதே தந்திரம்தான் பதில். முதல் புகையில் வரும் இருமலும் தொண்டைக் கரகரப்பும் உடல் காட்டும் எதிர்ப்பு. மென்தோல் அந்த எதிர்ப்பை ஆற்றிவிடும். பதினாறு வயதுப் பொடியனுக்கு முதல் சிகரெட் "லேசாக" இருந்தால் இரண்டாவது வரும். புகையின் நஞ்சு ஒரு துளியும் குறைவதில்லை.

லேபலும் விபத்தும்

இலங்கையில் சில பாம்கள் நவீன மருந்தாகவும் சில ஆயுர்வேதத் தயாரிப்பாகவும் விற்பனைக்கு வருகின்றன. பின்னதில் தாவரப் பெயர்கள் மட்டும் இருக்கலாம். மூலிகைப் பெயரைக் கண்டு கற்பூரம் இல்லை என்று எண்ண வேண்டாம். வாங்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று எண்கள்: மென்தோல் எத்தனை வீதம், கற்பூரம் எத்தனை வீதம், மெதைல் சலிசிலேற்று எத்தனை வீதம். எண்ணே போடாமல் தெருவில் விற்கும் போத்தலைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் நான் விடமாட்டேன்.

பிள்ளை விழுங்கிவிட்டால்:

1. சத்தி எடுக்க வைக்காதீர்கள். கற்பூரத்தால் இடையில் வலிப்பு வந்தால் சத்தி மூச்சுக்குழாயில் போய்விடும். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் அது தனி ஆபத்து.
2. பாலோ தேங்காய்ப்பாலோ பருக்காதீர்கள். வாயைத் துடைத்துவிடுங்கள், போதும்.
3. பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள், அல்லது ஓட்டோ பிடித்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ அம்பாறைக்கோ, எது கிட்டவோ அங்கே போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலுள்ள நஞ்சுத் தகவல் நிலையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்க முடியும்.
4. போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள், மூடியோடு. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் லேபலில் உள்ள அந்த மூன்று எண்களையும் வைத்துத்தான் மருத்துவர் கணக்குப் போடுவார்.